பலூன் வளைவுக்கு 425 டாலர்

2017 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சான் ரமோனில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வரி எழுதினேன்: "இந்த மனுஷனுக்கு இன்னும் எவ்வளவு காசுதான் வேணுமாம்?" அரை மணி நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டைவிரல்கள் விழுந்தன. குழுவில் நான் எழுதியவற்றில் அதிகம் பேர் ரசித்தது அதுதான். சொன்னது இளையராஜாவைப் பற்றி. எட்டு வருடம் கழித்து அந்த வரியைத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றுகிறது. சும்மா திரும்பப் பெற்றால் போதாது, ஏன் தவறு என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டைவிரல்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம் என்பதால் உங்களையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திரையிசையில் 50 ஆண்டு நிறைவை ஒட்டி எஸ்.பி. பாலசுப்ரமணியம் உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். டொரன்டோவில் தொடங்கி ரஷ்யா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று போய், அமெரிக்காவில் சியாட்டிலிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் பாடி முடித்திருந்தார். அப்போது இளையராஜாவின் வழக்கறிஞரிடமிருந்து அவருக்கும், சித்ராவுக்கும், மகன் சரணுக்கும், நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும் நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் ராஜாவின் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்பது சாரம். எஸ்.பி.பி. அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். சட்டம் தனக்குத் தெரியாது, சட்டம் அதுதான் என்றால் கட்டுப்படுகிறேன், மற்ற இசையமைப்பாளர்களுக்கும் நிறையப் பாடியிருக்கிறேன், அவற்றைப் பாடுகிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இதைப் பற்றி யாரும் கடுமையாகப் பேச வேண்டாம்.

அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது. அதைத்தான் நாம் செய்யவில்லை. அன்று மாலைக்குள் ப்ளெசன்டனிலிருந்து எடிசன் வரை, டாலஸிலிருந்து டொரன்டோ வரை எல்லாருக்கும் தீர்ப்பு தயாராகிவிட்டது. பேராசை, தலைக்கனம், நண்பனுக்குச் செய்யும் துரோகம். "பாட்டு பாடினவருக்கு இல்லாத உரிமையா?" என்று ஒருவர். "ரசிகன் இல்லாமல் ராஜா ஏது?" என்று இன்னொருவர். இந்த இரண்டாவது கேள்வியில் இருந்த அதட்டல் அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த விவகாரம் முழுவதையும் நாம் ஒரு சினிமாக் கதையாகவே பார்த்தோம். இரண்டு நண்பர்கள், நடுவில் பணம், யார் நல்லவர், யார் கெட்டவர். அதனால்தான் படத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பது கண்ணில் படவில்லை. அமெரிக்காவில் மேடைக் கச்சேரிக்கான இசை உரிமக் கட்டணத்தை வழக்கமாகப் பாடகர் கட்டுவதில்லை. அரங்கமோ நிகழ்ச்சி அமைப்பாளரோ கட்ட வேண்டும். ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் அதற்குத்தான் இருக்கின்றன. ஆஸ்காப் தொடங்கியது 1914-இல். மூலையில் இருக்கும் பீட்சாக் கடையில் பாட்டுப் போட்டால்கூட உரிமம் வேண்டும். எனவே அன்று கணக்கு கேட்கப்பட்டிருக்க வேண்டியவர்கள் மேடையில் நின்றவர்கள் அல்ல. கீழே அமைப்பாளர்களும், அவர்களிடம் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்த நாமும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அதே வருடம் இலையுதிர் காலத்தில் நானே அந்த இடத்தில் இருந்தேன்.

*

ஒரு சங்கம். பெயர் வேண்டாம், வளைகுடாப் பகுதியில் யார் கல்லெறிந்தாலும் இப்படி ஒன்றின் மேல் விழும். மெல்லிசை இரவு ஒன்று நடத்தினோம். நான் பொருளாளர். பகலில் மென்பொருள் ஆலோசகன் என்பதால் எக்ஸெல் தாள் என் தலையில் விழுந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, இதை எழுதுவதற்காகத் திறந்து பார்த்தேன்.

பள்ளி அரங்க வாடகை, காப்பீடு, ஒலி ஒளி, சென்னையிலிருந்து தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்ற இரண்டு பேருக்கு விமான டிக்கெட், ஓட்டல், சன்மானம். உள்ளூர்க் குழுவில் கீபோர்டு, தபேலா, கிதார்க்காரர்களுக்குப் பெட்ரோல் காசு. சாப்பாட்டுக் கடை, காவலர், துப்புரவு. நுழைவாயிலில் பலூன் வளைவு, 425 டாலர். செல்ஃபி எடுக்க ஒரு திரை. நினைவுப் பரிசு, சால்வை. மொத்தம் 38 வரிகள். அன்று மேடையில் பாடிய 27 பாடல்களில் 19 இளையராஜாவுடையவை. பாட்டு என்ற பொருளுக்கான வரி அந்தத் தாளில் இல்லை.

மறந்துபோய் விடவில்லை. கூட்டத்தில் ஒருவர், எங்களில் மூத்தவர், கேட்டார்: "மார்ச்ல நடந்த கூத்துக்கு அப்புறம், நாம எதாச்சும் பர்மிஷன் வாங்கணுமா தம்பி?" நான் சொன்ன பதில்: "அதெல்லாம் பெரிய கச்சேரிக்குத்தான் அண்ணா. நம்மள யார் கேக்கப்போறா?"

நம்மை யாரும் கேட்கவில்லை, அது உண்மைதான்.

வசூல் ஏறக்குறைய 34,000 டாலர். கச்சேரிகளுக்கு இந்த அமைப்புகள் கேட்கும் கட்டணம் சீட்டு வருமானத்தில் சுமார் ஒரு சதவீதம், பல நேரம் அதற்கும் குறைவு. அதிகபட்சமாக வைத்துக்கொண்டாலும் 340 டாலர், பலூன் வளைவைவிட மலிவு. நூறு டாலர் கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது ஒரு டாலர். அதைக் கேட்டதற்குத்தான் "எவ்வளவு காசு வேணுமாம்" என்று நான் கேட்டேன்.

"நாங்கள் லாப நோக்கமற்ற சங்கம், எங்களுக்கு விலக்கு உண்டு" என்று சொல்பவர்களுக்காக ஒரு தகவல். விலக்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அகலமாக இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110(4) பிரிவு சொல்வது இது: வணிக நோக்கம் இல்லாமல், பாடுபவருக்கோ வாசிப்பவருக்கோ நடத்துபவருக்கோ ஊதியம் இல்லாமல், நுழைவுக் கட்டணமும் இல்லாமல் நடத்தினால் உரிமம் தேவையில்லை. கட்டணம் வைத்தாலும், செலவு போக மிச்சம் முழுவதும் கல்வி, சமயம், அறப்பணிக்குப் போனால் விலக்கு உண்டு. ஆனால் உரிமையாளர் ஒரு வாரம் முன்பே எழுத்தில் ஆட்சேபித்தால் அதுவும் கிடையாது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் குழந்தைகள் பாடலாம், பொங்கல் விழாவில் நம் வீட்டு மாமி பாடலாம். சென்னையிலிருந்து ஆளை வரவழைத்துச் சன்மானம் கொடுத்த நிமிடமே அந்தக் கதவு மூடிவிடுகிறது. இந்தியச் சட்டத்திலும் இப்படித்தான், கல்யாண வீட்டுக்கும் சமயச் சடங்குகளுக்கும் விலக்கு இருக்கிறது. வீட்டு விசேஷத்தில் பாடும் அத்தையிடம் யாரும் காசு கேட்கவில்லை. காசு வசூலித்து நடத்தும் இடத்தில்தான் கேட்கிறார்கள்.

*

நம் தரப்பு வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் நானே ஒரு காலத்தில் சொன்னவன் என்பதால் அவற்றின் பலமும் எனக்குத் தெரியும்.

முதல் வாதம்: தயாரிப்பாளர் அன்றே சம்பளம் கொடுத்துவிட்டார், வேலை முடிந்தது. சட்டத்தில் இதற்கு வேர் இருக்கிறது. 1977-இல் இந்திய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கேட்டுச் செய்து தரும் பாடலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதே வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று தனியாக ஒரு குறிப்பெழுதி வருத்தப்பட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து, 2012-இல், சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். திரையரங்கில் படத்தோடு சேர்த்து ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு உண்டு, அதை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் பறிக்க முடியாது என்கிறது திருத்தம். பழைய படங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதில் வழக்கறிஞர்களுக்கிடையே சண்டை இருக்கிறது. ஆனால் "சம்பளம் வாங்கியாச்சு, கதை முடிஞ்சது" என்பது இன்றைய சட்டத்தின் மனசு இல்லை என்பது தெளிவு.

இந்த வாதத்தை மென்பொருள்காரன் சொல்வதுதான் எனக்கு இப்போது சிரிப்பாக இருக்கிறது. நாம் எதை விற்றுச் சாப்பிடுகிறோம்? உரிமத்தை. ஒரு முறை எழுதிய நிரலை ஆயிரம் பேருக்கு, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடும் தொழிலில் இருக்கிறோம். வாடிக்கையாளர் ஒரு இருக்கை உரிமத்தை இரண்டு பேருக்குப் பயன்படுத்தினால் தணிக்கைக் கடிதம் அனுப்பும் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். அந்தக் கடிதத்துக்குப் பேராசை என்று நாம் பெயர் வைப்பதில்லை, இணக்கம் என்கிறோம். வேலையில் சேரும்போது "நான் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே" என்று கையெழுத்துப் போடுகிறோம், சரி. ஆனால் கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டம் 2870 என்று ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாமல், சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் செய்ததை முதலாளி பிடுங்க முடியாது என்கிறது. அந்தப் பிரிவை நான் பத்து வருடம் முன்பே மனப்பாடமாக வைத்திருந்தேன். என்றாவது ஒரு நாள் என் சொந்தச் செயலி விற்கும் என்ற கனவு. என் இரண்டாயிரம் வரி நிரலுக்குச் சட்டப் புத்தகம் புரட்டுவேன், ராஜாவின் ஆயிரம் படங்களுக்கு "அதான் சம்பளம் கொடுத்தாச்சே" என்பேன்.

இரண்டாவது வாதம்: நண்பனிடம் ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாமே. இதை ஒப்புக்கொள்கிறேன். நோட்டீஸை அமைப்பாளருக்கு மட்டும் அனுப்பி, பாலுவை ஃபோனில் கூப்பிட்டிருந்தால் இத்தனை காயம் இருந்திருக்காது. ஆனால் அது அவர்கள் இருவருக்கும் நடுவில் தீர வேண்டிய விஷயம், தீர்ந்தும்விட்டது. 2019 ஜூனில் சென்னையில் ராஜாவின் மேடையில் யேசுதாஸோடு எஸ்.பி.பி.யும் நின்று பாடினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. போய்விட்டார். அவர்கள் சமாதானமாகிப் பாடியும் விட்டார்கள். அவர்கள் பேரில் சண்டை போட்ட நாம் மட்டும் இன்றும் யூடியூப் கருத்துகளில் முறைத்துக்கொண்டு நிற்கிறோம். தவிர, நட்பு என்ற சொல்லை இங்கே யார் பயன்படுத்துகிறோம்? சீட்டு விற்றவர்களும் வாங்கியவர்களும். இருவரின் நட்பின் செலவில் நமக்கு ஒரு டாலர் மிச்சம்.

மூன்றாவது வாதம்தான் பலமானது. பாட்டு மக்கள் சொத்து, காற்றில் கலந்துவிட்டது, என் அம்மா அடுப்படியில் பாடியதற்கு யார் உரிமை கோர முடியும்? இதைச் சொல்லும்போது என் குரலே தழுதழுக்கும். ஆனால் தமிழில் ஒரு பாட்டு உண்மையிலேயே மக்கள் சொத்தான கதை ஒன்று இருக்கிறது, அது எப்படி நடந்தது என்று பாருங்கள். பாரதியின் பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவுமான உரிமை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்ததும் உரிமைத் தகராறு வந்தது. பாரதி எல்லாருக்கும் பொது என்று எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் குரல் எழுப்பினார்கள். மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்று, பின்னர் அனைவருக்கும் பொதுவாக்கியது. அப்போதும் பாரதியின் மனைவிக்கும் மகள்களுக்கும் பணம் கொடுத்துத்தான் உரிமையைப் பெற்றது. வறுமையில் செத்த ஒரு கவிஞனின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் "இனி இது மக்கள் சொத்து" என்று ஒரு அரசாங்கமே சொன்னது. கொடுக்காமலே சொல்வதற்கு நாம் யார்?

காற்றில் கலந்த பாட்டு என்பவர்கள், அந்தக் காற்றுக்கு நுழைவுச்சீட்டு அடிக்கும் இடத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

*

இதுவரை ராஜாவின் வழக்கறிஞர் போலப் பேசிவிட்டேன். இப்போது மறுபக்கம். ஏனென்றால் அவர் தரப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் காட்டியது என் மகள்.

அவளுக்கு வயது பதினாறு, வயலின் வாசிப்பாள். போன வருடம் ஒரு ராஜா பாடலைத் தானே நான்கு அடுக்காக வாசித்துப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினாள். மறுநாளே உரிமை கோரி அறிவிப்பு வந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன், அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அப்பா, இதை க்ளெய்ம் பண்ணினது ஒரு ஆடியோ கம்பெனி. இது யார் கம்போஸ் பண்ணினது?" ராஜா என்றேன். "யார் எழுதினது?" யோசித்தேன். "வயலின் யார் வாசிச்சது?" தெரியவில்லை. "நீங்க இதை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?" ஆயிரம் தடவை இருக்கும் என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை, அறைக்குப் போய்விட்டாள். அவள் பள்ளி இசைக்குழுவில் ஒரு சின்னத் துண்டு வாசித்தாலும் நிகழ்ச்சித் தாளில் இயற்றியவர் பெயர், பிறந்த வருடம், தொகுத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு என் ரசிகத்தனம் எப்படித் தெரிந்திருக்கும்?

ராஜாவின் பாடல் என்று நாம் சொல்வதில் வாலி இருக்கிறார், கண்ணதாசன் இருக்கிறார், வைரமுத்து, மு. மேத்தா, கங்கை அமரன், பஞ்சு அருணாசலம் இருக்கிறார்கள். அந்த இழைகளை வாசித்த வி.எஸ். நரசிம்மன் போன்ற வயலின் கலைஞர்கள் இருக்கிறார்கள். 2024-இல் ராஜாவின் உரிமை வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமே இந்தக் கேள்வியை எழுப்பியது: வரிகள் இல்லாமல் பாடல் ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும்? நியாயமான கேள்வி. அதே ஆண்டு 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாடல் ஒலித்ததற்கு ராஜா நோட்டீஸ் அனுப்பினார். அந்தப் பாடலை எழுதியவர் வாலி என்று அந்த வாரம் எத்தனை பேர் சொன்னோம்? ராஜாவும் தன் பேச்சுகளில் பாட்டு முழுவதும் தன்னுடையது என்கிற தொனியில்தான் பேசுகிறார். 2012 திருத்தத்தின் அடிப்படையே சமபங்கு. ஒரு பங்கைக் கேட்கிறவர் மறுபங்கின் பெயரையும் சொல்லிக் கேட்டால் அவர் வழக்குக்கு இன்னும் கனம் கூடும். பாடகர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களும் 2013-இல் தங்களுக்கென்று உரிமைச் சங்கம் அமைத்து வசூலிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆக, "பாடினவருக்கு இல்லாத உரிமையா" என்று அன்று கேட்டவரின் கேள்வியும் முழுக்கத் தவறில்லை. அவருக்கும் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்டவர் யாருக்கும் கொடுக்காமல் கேட்டதுதான் தவறு.

இன்னொரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டினால் ராஜாவுக்குப் போய்ச் சேருமா என்று என்னிடம் கேட்கிறார்கள். இங்கே ஆஸ்காப் வாங்குவது ஒப்பந்தங்கள் வழியாக இந்தியச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து உறுப்பினர்களுக்குப் பிரிய வேண்டும். ராஜாவோ 2018-இல், தான் இப்போது ஐபிஆர்எஸ் உறுப்பினர் இல்லை, திரையிசைக் கலைஞர்கள் சங்கம் வழியாக வசூல் நடக்கும் என்று காணொளியில் அறிவித்தார். காசு வாங்காமல் பாடுகிறவர்களிடம் தான் எதுவும் கேட்கவில்லை என்றும் அதில் தெளிவாக்கினார். இது சிக்கலான ஏற்பாடுதான். ஆனால் வருமான வரிப் படிவம் 1040-ஐயும், பச்சை அட்டைக்கான பிஇஆர்எம் படிகளையும், இந்தியாவில் இருக்கும் அரை கிரவுண்டு நிலத்துக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தையும் கரைத்துக் குடித்த சமூகம் நாம். இதில் மட்டும் சிக்கல் என்று கைவிரிப்பது பொருந்தவில்லை. ஒரு மின்னஞ்சல், இரண்டு தொலைபேசி அழைப்பு, பாடல் பட்டியல் ஒன்று. அவ்வளவுதான் முதல் படி.

*

மகள் அறைக்குப் போன அன்று இரவு இன்னொரு எக்ஸெல் தாள் திறந்தேன். ராஜாவின் இசைக்கு என் வாழ்நாளில் நான் கொடுத்தது எவ்வளவு?

விருதுநகரில் பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்குவோம். காசு கடைக்காரருக்கும் காலி கேசட் கம்பெனிக்கும் போனது. கல்லூரியில் நண்பனின் கேசட்டிலிருந்து பதிவு. 2001-இல் மேற்படிப்புக்கு டெக்சஸ் வந்த பிறகு பல்கலைக்கழக இணைய வேகத்தில் எம்பி3 கோப்புகள், ஒரே இரவில் எழுபது படங்கள். அப்புறம் யூடியூப். அப்புறம் மாதச் சந்தா செயலி. குருந்தகடாகக் காசு கொடுத்து வாங்கியவை பதினொன்று. 2013-இல் ராஜா வட அமெரிக்காவுக்கு வந்து மேடையேறியபோது நான் போகவில்லை. டிக்கெட் விலை அதிகம் என்று நினைத்தேன். அதே மாதம் ஒரு ஸ்பீக்கர் ஜோடி வாங்கினேன், 1,400 டாலர். அதில் முதலில் போட்ட பாட்டு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கை எப்படித் தாராளமாகப் போட்டாலும், அந்தப் பாடல்களை உருவாக்கிய எல்லாருக்கும் சேர்த்து என்னிடமிருந்து போனது இருநூறு டாலரைத் தாண்டவில்லை. நாற்பது வருடத்துக்கு. 680 நெடுஞ்சாலையில் தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் என்னை உயிரோடு வைத்திருந்த இசைக்கு. அப்பா இறந்த செய்தி வந்து, விமானம் கிடைக்கும் வரை இருபது மணி நேரம் நான் செய்த ஒரே காரியம் காதில் அந்த இசையை வைத்திருந்தது. அதற்கு. ஸ்பீக்கர் கம்பெனிக்கு அதைப்போல ஏழு மடங்கு கொடுத்திருக்கிறேன்.

ராஜா பேராசைக்காரரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவரை நான் சந்தித்ததில்லை. என்னைப் பற்றி மட்டும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறது.

"ரசிகன் இல்லாமல் ராஜா ஏது" என்ற அந்த வாசகத்துக்கு வருகிறேன். நாம் கேட்டதால்தான் அவர் பெரிய ஆளானார், ஆகவே அவர் நமக்குக் கடமைப்பட்டவர் என்கிற நினைப்பு அதில் இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதல். ஊரை விட்டு வந்த குற்ற உணர்ச்சியை இந்தப் பாடல்களில் கொட்டி வைத்திருக்கிறோம். அதனால் பாட்டின் மேல் யாராவது விலைச்சீட்டு ஒட்டினால் நம் ஊரின் மேலேயே ஒட்டியது போலச் சுள்ளென்று கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஏக்கத்தை வைத்துச் சீட்டு விற்று, மேடை போட்டு, பலூன் கட்டி, வரவு செலவு பார்ப்பவர்களும் நாம்தான். அங்கே மட்டும் அது வியாபாரம். பாட்டு எழுதியவர் கேட்டால் புனிதம்.

இப்போது செய்யக்கூடியது மூன்று விஷயங்கள், எதுவும் பெரிதில்லை. சீட்டு விற்று நடத்தும் ஒவ்வொரு மெல்லிசை நிகழ்ச்சியின் செலவுத் தாளிலும் உரிமத்துக்கு ஒரு வரி இருக்கட்டும். அரங்கத்திடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் நாமே வாங்குவோம். மேடைத் திரையில் பாட்டுக்கு முன் படத்தின் பெயரும் நாயகன் முகமும் மட்டும் போடாமல் பாடலாசிரியர், இசையமைப்பாளர், முதலில் பாடியவர் மூவர் பெயரும் போடுவோம். மென்பொருளில் எம்ஐடி உரிமம் போல எல்லாம் இலவசம் என்று தருபவர்கூட எழுதியவர் பெயரை அழிக்காதே என்றுதான் கேட்கிறார். மூன்றாவது, உள்ளூரில் தபேலாவும் கீபோர்டும் வாசிக்கும் கலைஞர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுத்து அனுப்பாமல் சம்பளம் கொடுப்போம். ராஜாவிடம் செய்ததைத்தான் அவர்களிடமும் செய்துகொண்டிருக்கிறோம், அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வழக்கறிஞர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வருட நிகழ்ச்சிக்கான முதல் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். நான் இப்போது பொருளாளர் இல்லை, சாதாரண உறுப்பினர். 2017-இல் என்னிடம் கேட்ட அதே அண்ணனும் இருந்தார். தாளில் 39-ஆவது வரியாக "பாடல் உரிமம், 350 டாலர்" என்று சேர்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இப்போதைய பொருளாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் பெரிய கச்சேரிக்குத்தாண்ணா. நம்மள யார் கேக்கப்போறா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, பொது நூலகத்தின் சிறு அறையில். உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். நான் அந்த வரியை மறுபடி கேட்கப்போகிறேன்; கூட நாலு பேர் இருந்தால் நன்றாக இருக்கும்.